வலப்பொத்தானும் விழும் பந்தும்

நான்கு அடி உயரத்திலிருந்து ஒரு ரப்பர் பந்தைக் கைவிடுங்கள். அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? அரை நொடிதான். 'ஆ' என்று வாயைத் திறப்பதற்குள் பயணம் முடிந்துவிடும். நிறுத்து கடிகாரத்தைக் கொண்டு இதை அளக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. அளக்க வேண்டியதே அரை நொடி. அதில் இவ்வளவு பெரிய பிழை இருந்தால் அளவீட்டுக்கு என்ன மதிப்பு?

ஆனால் இன்று பல வீடுகளில் ஒரு நல்ல அளவுகருவி இருக்கிறது. அதுதான் செல்பேசியின் கேமரா. அது வீடியோ எடுக்கும்போது பொதுவாக நொடிக்கு 30 படங்களைப் பிடிக்கிறது. பந்து விழும் அரை நொடிக்குள் 15 படங்கள்! அந்தப் படங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, பந்து எங்கெங்கே இருந்தது என்று அளந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

படங்களைப் பிரித்தெடுப்பது எப்படி? கணிப்பொறியில் வீடியோக் கோப்பின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, நாமே எழுதிய ஒரு சிறு நிரலை அங்கிருந்தே இயக்கினால் போதும். அந்த நிரலை எழுதுவது எப்படி, அதில் எங்கே தவறு நேரும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வீடியோவுக்குள் என்ன இருக்கிறது?

வீடியோ என்பது வரிசையாக அடுக்கிய படங்களின் தொகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் பெட்டியைத் திறந்து படங்களை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும் என்று கொள்வோம். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட்டுகள், அதாவது 6.2 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் என்றால் 186 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 11,000 மெகாபைட்டுக்கும் மேல்! ஆனால் உங்கள் செல்பேசியில் உள்ள ஒரு நிமிட வீடியோவின் அளவைப் பாருங்கள். அது பெரும்பாலும் நூறு மெகாபைட்டை ஒட்டியே இருக்கும்.

மீதி எங்கே போயிற்று? அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பந்து மட்டும் சிறிது இறங்கியிருக்கும். பின்னாலுள்ள சுவர் அப்படியே இருக்கும். எனவே சில படங்களை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு 'முன்படத்திலிருந்து இன்னது மாறியது' என்ற குறிப்பை மட்டும் சேமிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்து முழுப் படங்களை மீண்டும் உருவாக்க ஒரு மென்பொருள் தேவை.

அந்த வேலைக்குப் பெயர் பெற்றது எஃப்.எஃப்.எம்பெக். பிரெஞ்சு நாட்டவரான ஃபப்ரீஸ் பெல்லார்டு என்பவர் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பின்னர் பலர் சேர்ந்து வளர்த்தனர். இதை இலவசமாகவே பெறலாம். ஆனால் இதற்கு அழகான சன்னலோ பொத்தான்களோ கிடையாது. செய்ய வேண்டியதை ஒரு வரியாகத் தட்டச்சு செய்து கட்டளையிட வேண்டும். எந்தக் கோப்பைப் படிப்பது, நொடிக்கு எத்தனை படங்கள் எடுப்பது, அவற்றை எங்கே வைப்பது என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

ஒரு வீடியோவுக்கு இப்படி எழுதலாம். ஒரு வகுப்பில் பன்னிரண்டு குழுக்கள் பன்னிரண்டு வீடியோக்களைக் கொண்டுவந்தால்? ஒவ்வொரு முறையும் நீண்ட வரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து. இங்கேதான் ஸ்கிரிப்ட் கைகொடுக்கிறது. ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை வரிவரியாக எழுதிச் சேமித்து வைத்த ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. சமையற்குறிப்பு போன்றது. ஒருமுறை எழுதினால் எத்தனை முறை வேண்டுமானாலும் அதன்படி வேலை நடக்கும்.

வலப்பொத்தான் எதைக் கொடுக்கிறது?

ஒரு கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது அல்லவா? 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இந்தப் பழக்கத்தைக் கோடிக்கணக்கான மேசைகளுக்குக் கொண்டுசென்றது. அந்தப் பட்டியலில் 'சென்ட் டு' என்று ஒரு வரி உண்டு. 'இந்தக் கோப்பை இன்னாரிடம் அனுப்பு' என்பது அதன் பொருள். நம்முடைய ஸ்கிரிப்டையும் அந்த 'இன்னார்' வரிசையில் சேர்த்துவிடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'அனுப்பு' என்றவுடன் வீடியோவே தூக்கிச் செல்லப்பட்டு ஸ்கிரிப்டின் கையில் கொடுக்கப்படுவதாகத் தோன்றும். அப்படி எதுவும் நடப்பதில்லை. வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது அதன் முகவரி மட்டுமே: எந்த வட்டில், எந்த உறைக்குள், எந்தப் பெயரில் இருக்கிறது என்ற ஒரு வரிச் சொற்றொடர். தபால்காரரிடம் வீட்டைக் கொடுப்பதில்லை, முகவரியைத்தான் கொடுக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

அந்த முகவரி வந்து அமரும் இடத்தை ஸ்கிரிப்டில் %1 என்று குறிக்கிறோம். இயற்கணிதத்தில் x என்ற மாறியைப் பயன்படுத்துகிறீர்களே, அதுபோலத்தான். எந்த வீடியோவின் மேல் அழுத்துகிறோமோ அதன் முகவரி %1இன் மதிப்பாகிறது. இரண்டு கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் இரண்டாவதன் முகவரி %2இல் வரும். நம் ஸ்கிரிப்ட் %1ஐ மட்டும் படிப்பதாக இருந்தால் இரண்டாம் கோப்பை அது கண்டுகொள்ளாது. எனவே இப்போதைக்கு ஒவ்வொன்றாகவே அனுப்புவோம்.

முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. கணிப்பொறி இரு சொற்களை இடைவெளியைக் கொண்டே பிரித்தறிகிறது. கோப்பின் பெயர் 'பந்து சோதனை' என்று இருந்தால் அதை 'பந்து' என்றும் 'சோதனை' என்றும் இரு கோப்புகளாக எண்ணிக்கொண்டு, 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கைவிரித்துவிடும். இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் முழுவதும் ஒரே பெயர் என்று புரிந்துகொள்ளும். பெயரில் இடைவெளி இருக்கும்போது விண்டோஸே மேற்கோள் குறி இட்டு அனுப்புகிறது, இல்லாதபோது இடுவதில்லை. நாம் எல்லாவற்றையும் ஒரே வகையாக நடத்த, "%~1" என்று எழுதுகிறோம். நடுவிலுள்ள அலைக்குறி, வந்த மேற்கோள் குறியை உரித்துவிடும். வெளியே நாம் இட்ட மேற்கோள் குறி அதற்குப் பதிலாக நிற்கும்.

என் முதல் ஸ்கிரிப்டும் அதன் பிழையும்

நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரே வரிதான். '"%~1" என்ற வீடியோவைப் படி; நொடிக்கு 10 படங்கள் எடு; அவற்றை 001, 002, 003 என்று எண்ணிட்டு, "படங்கள்" என்ற உறைக்குள் வை' என்பது அதன் பொருள். முயன்று பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. மகிழ்ச்சியோடு மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் குழு 6 நொடி வீடியோ கொண்டுவந்தது. 60 படங்கள் கிடைத்தன. பந்து ஐந்தாம் நொடியில் விழுந்திருந்தது. 45ஆம் படத்திலிருந்து அளந்து முடித்தார்கள். அடுத்த குழுவின் வீடியோ 4 நொடி. அதே சுவர், அதே பந்து, அதே அளவுகோல். அவர்களும் ஸ்கிரிப்டை இயக்கினார்கள், அளந்தார்கள், விடை கொண்டுவந்தார்கள். விடைகள் இரண்டும் மிக நன்றாக ஒத்துப்போயின. அதுதான் எனக்கு உறுத்தியது. முடிவுகள் மட்டுமல்ல, பந்தின் ஒவ்வோர் இடமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருந்தது. இரண்டு பேர் தனித்தனியே கைவிட்ட பந்துகள் அப்படி நடந்துகொள்ளுமா?

உறையைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. இரண்டாம் வீடியோவிலிருந்து 40 படங்களே வந்தன. அவை 001 முதல் 040 வரையிலான பழைய படங்களின் மேல் எழுதப்பட்டு, அவற்றை அழித்துவிட்டன. 041 முதல் 060 வரை முதல் வீடியோவின் படங்கள் அப்படியே தங்கிவிட்டன. இரண்டாம் குழு அளந்தது தங்கள் பந்தையே அல்ல. முதல் குழுவின் பந்தை! எண்ணிட்ட படங்களை எழுதும்போது எஃப்.எஃப்.எம்பெக் 'பழையது இருக்கிறதே, அழிக்கலாமா?' என்று கேட்பதில்லை. பழி அதன் மேல் அல்ல. எல்லா வீடியோக்களுக்கும் ஒரே உறையை எழுதிவைத்தவன் நான்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. உள்ளே வரும் பொருள் மாறும்போது வெளியே போகும் பெயரும் அதனோடு சேர்ந்து மாற வேண்டும் என்பது ஒன்று. அளவீடுகள் அளவுக்கு மீறி ஒத்துப்போனால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும் என்பது மற்றொன்று. வீடியோக்கள் அழியாமல் இருந்ததால் படங்களை மீண்டும் எடுக்க முடிந்தது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பதன் பயன் அன்று தெரிந்தது.

திருத்திய ஸ்கிரிப்ட்

புதிய உறையின் பெயரை எங்கிருந்து பெறுவது? வீடியோவின் முகவரியிலிருந்தே பெறலாம். அலைக்குறிக்கும் 1க்கும் இடையில் டி, பி, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதினால், முகவரியின் கடைசியிலுள்ள கோப்பு வகைக் குறிப்பு நீங்கி, இடமும் பெயரும் மட்டும் கிடைக்கும். டி என்பது வட்டையும், பி என்பது உறைகளின் வழியையும், என் என்பது பெயரையும் குறிக்கின்றன. இதை நாம் 'உறைப்பெயர்' என்று அழைப்போம். வீடியோவின் பெயர் 'குழு5' என்றால், அதன் பக்கத்திலேயே 'குழு5' என்ற உறை உருவாகும்.

ஸ்கிரிப்டின் நான்கு வரிகள் இவை:

1. உறைப்பெயரில் ஏற்கெனவே ஓர் உறை இருந்தால், அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடு. (இஃப் எக்ஸிஸ்ட் என்ற கட்டளை.)

2. இல்லையேல் அந்தப் பெயரில் புதிய உறையை உருவாக்கு. (எம்டி என்ற கட்டளை.)

3. எஃப்.எஃப்.எம்பெக்கை அழை, "%~1" என்ற கோப்பை நொடிக்கு 10 படங்கள் வீதம் பிரித்து, மூன்று இலக்க எண்ணிட்டு அந்த உறைக்குள் எழுது.

4. ஒரு விசையை அழுத்தும் வரை காத்திரு. (பாஸ் என்ற கட்டளை.)

நான்காம் வரி எதற்கு? அது இல்லாவிட்டால் வேலை முடிந்தவுடன் கறுப்புச் சன்னல் மூடிக்கொள்ளும். ஏதேனும் பிழைச்செய்தி வந்திருந்தாலும் படிக்க முடியாது.

மூன்றாம் வரியில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று இலக்க எண் வேண்டும் என்பதை எஃப்.எஃப்.எம்பெக்குக்கு % குறியால் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்கிரிப்டில் % குறிக்கு வேறு பொருள் இருப்பதை மேலே கண்டோம். எனவே 'இது உனக்கல்ல, அடுத்தவருக்கு' என்று அறிவிக்க %% என்று இரட்டித்து எழுத வேண்டும். மேலும், எஃப்.எஃப்.எம்பெக் எங்கே இருக்கிறது என்பதையும் முழு முகவரியாக எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கணிப்பொறி அதைத் தேடிக் காணாமல் நின்றுவிடக்கூடும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய உங்கள் கணிப்பொறி ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள்.

இதை நோட்பேடில் எழுதி, 'பேட்' என்ற வகைக் குறிப்போடு சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது கோப்பு வகை என்ற இடத்தில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் நோட்பேட் தன் வழக்கப்படி 'டிஎக்ஸ்டி' என்று வால் ஒன்றைச் சேர்த்துவிடும். அப்போது அது ஓடாது, வெறும் கடிதம்போல் திறக்கும்.

அடுத்து, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு கட்டத்தில் ஷெல் என்ற சொல், முக்காற்புள்ளி, சென்ட்டு என்ற சொல் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் ஓர் உறை திறக்கும். நம் ஸ்கிரிப்டை அதற்குள் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இனி எந்த வீடியோவின் மேல் வலப்பொத்தானை அழுத்தினாலும் 'சென்ட் டு' வரிசையில் அது காத்திருக்கும். 2021இல் வந்த விண்டோஸ் 11இல் பட்டியலைச் சுருக்கியிருக்கிறார்கள். அங்கே 'மேலும் காட்டு' என்ற பொருள்படும் கடைசி வரியை அழுத்தினால் பழைய பட்டியல் முழுதும் வரும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளர் ஸ்கிரிப்டுகளுக்கென்றே ஓர் உறையை வைத்திருக்கிறது. அதில் போட்டு, இயக்க அனுமதியையும் கொடுத்துவிட்டால், வலப்பொத்தான் பட்டியலில் தோன்றும். கட்டளைகளை எழுதும் முறை வேறு. கிடைப்பது முகவரிதான் என்ற அடிப்படை ஒன்றே.

இனி அளப்போம்

சுவரோரமாக ஒரு மீட்டர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பந்து அதன் பக்கத்திலேயே விழ வேண்டும். முன்னே தள்ளி விழுந்தால் படத்தில் தொலைவு பெரிதாகத் தெரியும். செல்பேசியைக் கையில் பிடிக்காமல் ஏதாவதொன்றின் மேல் அசையாமல் நிறுத்துங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் சில செல்பேசிகள் நொடிக்குப் பிடிக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். 'ஸ்லோ மோஷன்' முறையில் எடுக்காதீர்கள். நொடிக்கு 240 படங்களைப் பிடித்து 30 படங்களாக ஓட்டினால் நேரம் எட்டு மடங்கு நீண்டுவிடும், கணக்கு குழம்பும்.

படங்களுக்கு இடையே இப்போது 1/10 நொடி. சரியாகக் கைவிட்ட கணத்தில் முதல் படம் அமைந்திருந்தால், கொள்கைப்படி பந்து கடந்த தொலைவு செ.மீ. கணக்கில் இவ்வாறு இருக்கும்:

தொலைவு: 0, 4.9, 19.6, 44.1, 78.4

அடுத்தடுத்த வேறுபாடு: 4.9, 14.7, 24.5, 34.3

வேறுபாடுகளின் வேறுபாடு: 9.8, 9.8, 9.8

இரண்டாம் வரிசையிலுள்ள எண்களின் விகிதம் 1 : 3 : 5 : 7. விழும் பொருள் சம கால அளவுகளில் ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் தொலைவுகளைக் கடக்கும் என்று கலிலியோ கண்டது இதுதான். மூன்றாம் வரிசையில் ஒவ்வொன்றும் 9.8 செ.மீ. அதை 1/10 நொடியின் வர்க்கத்தால் வகுத்தால் 980 செ.மீ./நொடி², அதாவது 9.8 மீ./நொடி². புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிட்டது!

'கைவிட்ட கணத்தில்தான் படம் விழுந்தது என்பது என்ன நிச்சயம்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முதல் படத்திலேயே பந்து நொடிக்கு 30 செ.மீ. வேகம் பெற்றிருந்தது என்று கொள்வோம். ஒவ்வொரு 1/10 நொடிக்கும் 3 செ.மீ. கூடும். வேறுபாடுகள் 7.9, 17.7, 27.5, 37.3 என்று மாறும். இப்போது 1 : 3 : 5 விகிதம் போய்விட்டது. ஆனால் அவற்றின் வேறுபாடு? அதே 9.8! தொடக்க வேகம் எதுவாயினும் இரண்டாம் வேறுபாட்டில் அது கழிந்துவிடுகிறது. எனவேதான் இந்த முறையை நம்பலாம்.

உங்கள் அளவீட்டில் 9.8 என்றே வராது. முன்னும் பின்னுமாக வரும். கீழே வரவரப் பந்தின் படம் நீண்டு கலங்கித் தெரியும். 0.4 நொடியில் அதன் வேகம் நொடிக்கு 3.9 மீட்டர், கேமராவின் கண் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் பந்து 4 செ.மீ. நகர்ந்துவிடும். எல்லாப் படங்களிலும் கலங்கலின் கீழ் விளிம்பையே அளந்தால் பிழை பெரும்பகுதி குறையும்.

ஓர் எச்சரிக்கை

முகவரி கிடைத்தால் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை. ஆகவே அழிக்கும் கட்டளைகளை உங்கள் ஸ்கிரிப்டில் சேர்க்காதீர்கள். முதலில் ஒரு நகல் கோப்பின் மேல் சோதித்துப் பாருங்கள். பிறர் கொடுத்த ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகே இயக்குங்கள்.

செய்து பாருங்கள்

1. நொடிக்கு 10 படங்களுக்குப் பதில் 30 படங்கள் எடுத்தால் இரண்டாம் வேறுபாடு எத்தனை செ.மீ. ஆகும்? அதை மில்லிமீட்டர் அளவுகோலால் அளப்பது எளிதா, கடினமா?

2. ஒரே உறையில் 'குழு5' என்ற ஒரே பெயரில், வேறு வேறு வகைக் குறிப்புகளோடு இரண்டு வீடியோக்கள் உள்ளன. நம் ஸ்கிரிப்டை இரண்டின் மேலும் இயக்கினால் என்ன நடக்கும்? முதல் வரி எப்படிக் காப்பாற்றுகிறது?

3. பந்துக்குப் பதிலாக ஒரு விரித்த தாளைக் கைவிட்டு வீடியோ எடுங்கள். இரண்டாம் வேறுபாடு மாறாமல் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?

மூன்றாம் சோதனையைப் பந்தின் சோதனை முடிந்தவுடனேயே, அதே இடத்தில் செய்யுங்கள். இரண்டு உறைகளையும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிடுங்கள். காற்று செய்யும் வேலை உங்கள் கண்முன்னே எண்களாக வந்து நிற்கும்.